பன்னிரண்டாம் கட்டிலில் நின்றுபோன வரி

"அம்மிணி, அழிச்சது எப்படிங்க திரும்ப வரும்?"

நாச்சிமுத்து இப்படிக் கேட்டுக்கொண்டு வந்து நின்றபோது ஜெசிந்தா கொய்யாப்பழம் தின்றுகொண்டிருந்தாள்.

நாச்சிமுத்துவுக்கு நாற்பத்தொன்பது வயது. ஜெசிந்தாவுக்கு முப்பத்தொன்று. கேட்டுத் தெரிந்துகொள்கிறவர் அவர், சொல்லித்தருகிறவள் இவள். கம்ப்யூட்டர் தொழிலில் இதெல்லாம் சகஜம். யாரும் முகம் சுளிக்க வேண்டாம்.

கோயமுத்தூரில் பீளமேட்டுப் பக்கம் ஒரு மாடியில் எங்கள் கம்பெனி. மொத்தமே பதினான்கு பேர். நூல் மில் மெஷின்களுக்கு இருபது வருஷம் புரோகிராம் எழுதிவிட்டு நாச்சிமுத்து இங்கே வந்து சேர்ந்தார். புதுசாக எது புரியாவிட்டாலும் நேரே அவளிடம்தான் போவார்.

அவளிடம் ஒரு கெட்ட பழக்கம். கேட்டதற்கு நேராகப் பதில் சொல்ல மாட்டாள். எதையாவது செய்து காட்டுவாள். இல்லாவிட்டால் நம்மையே திருப்பி ஒரு கேள்வி கேட்பாள். அவள் மேஜைக்குப் போவதற்கு ஆபீஸில் 'மடத்துக்குப் போறது' என்று பெயர். போனவர்களில் பாதிப் பேர் எரிச்சலோடுதான் திரும்பி வருவார்கள். நானும் வந்திருக்கிறேன்.

"எதுங்ணா திரும்ப வந்துச்சு?" என்றாள்.

அவர் ஒரு காகிதத்தை அவள் முன்னால் வைத்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது.

கொஞ்சம் பின்னால் போய்ச் சொன்னால்தான் புரியும்.

ஒரு ஆஸ்பத்திரிக்கு நாங்கள் வேலை செய்து கொடுத்திருந்தோம். வார்டில் முப்பது கட்டில். ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் சுவரில் ஒரு சின்னத் திரை. நோயாளிக்கு இன்றைக்கு என்ன கொடுக்கலாம், என்ன கூடாது என்று டாக்டர் எழுதுவது அதில் வரும். கூட இருக்கிறவர்கள் படித்துப் பார்த்து நடந்துகொள்ளலாம்.

அதற்குப் புரோகிராம் எழுதியது நாச்சிமுத்து.

காகிதத்தில் இப்படி எழுதியிருந்தது:

'பன்னிரண்டாம் கட்டில். மாரப்பன், வயது எழுபத்தாறு, இடுப்பு எலும்பு முறிவு. உடன் இருந்த மகள் வசந்தாமணி திரையைத் தவறாகப் படித்ததால், காலை ஏழு மணி முதல் மாலை நான்கு மணி வரை நோயாளிக்குத் தண்ணீர் தரப்படவில்லை. மகளுக்கு அறிவுரை கூறப்பட்டது. கோப்பு முடிக்கப்பட்டது.'

ஒன்பது மணி நேரம். அதுவும் சித்திரை மாசத்தில்.

டிரிப் ஏறிக்கொண்டிருந்ததால் உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் மனுஷனுக்கு வாய் காய்ந்தால் காய்ந்ததுதான். ஏழு தடவை தண்ணீர் கேட்டிருக்கிறார். "செவுத்துல எழுதியிருக்குதுங்கப்பா, ஒரு வாய்கூடத் தரக் கூடாதாம்" என்று ஏழு தடவையும் மகள் மறுத்திருக்கிறாள். ஒரு தடவை அவரே எட்டிப் பாட்டிலை எடுக்கப் பார்க்க, அவர் கையை அடித்துத் தட்டிவிட்டிருக்கிறாள். அவளே நர்ஸிடம் அழுதுகொண்டே சொன்னது இது.

நான்கு மணிக்கு டாக்டர் வந்து, "நாக்கு ஏன் இப்படிக் காஞ்சு கெடக்குது?" என்று சத்தம் போட்டபோது திரையில் வேறு செய்தி வந்துவிட்டிருந்தது. காலையில் என்ன இருந்தது என்று காட்ட அவளிடம் ஒன்றும் இல்லை.

"ஆறாங்கிளாஸ்தான் படிச்சிருக்கீங்க. தெரியலைன்னா யாரையாச்சும் கேட்டிருக்கலாமில்ல?" என்று சொன்னார்களாம். அதுதான் அறிவுரை.

இந்தக் காகிதம் எங்கள் ஆபீஸுக்கு வந்தபோது எல்லாருக்கும் அப்பாடா என்று இருந்தது. நம் தப்பு இல்லை. பொய் சொல்வானேன், எனக்கும் அப்படித்தான் இருந்தது. நாச்சிமுத்துவும் முதலில் பெருமூச்சுதான் விட்டார்.

அப்புறம் அவருக்கு ஒன்று உறுத்தியது. அந்தப் பெண் எதைப் படித்ததாகச் சொன்னாள்? 'தண்ணீர்கூடத் தரக் கூடாது.' தப்பாகப் படிக்கிறவர்கள் ஒரு வார்த்தையைத் தப்பாகப் படிப்பார்கள். இல்லாத ஒரு வரியை முழுசாக எப்படிப் படிப்பார்கள்?

தேடிப் பார்த்தார். அன்றைக்குக் காலையில் பதினோராம் கட்டில்காரருக்கு ஆபரேஷன். அவருக்கு டாக்டர் எழுதிய செய்தியின் கடைசி வரி, எழுத்துக்கு எழுத்து, அதேதான்.

"பதினொண்ணுக்கு எழுதுனது பன்னெண்டுல வந்திருக்குது. ஆனா நடுவுல நான் அழிச்சனே அம்மிணி! கிளியர் பண்ணுன்னு நானே எழுதியிருக்கறேன், பாருங்க!"

ஜெசிந்தா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். சுவரில் வெள்ளைப் பலகை. அதில் யாரோ எழுதியிருந்தார்கள்: 'நாளைக்கு மூணு மணிக்கு எல்லாரும் மீட்டிங் ரூமுக்கு வரவும்.'

பேனாவை எடுத்து அந்த வரியின் முடிவில் வைத்தாள். அங்கிருந்து பலகையில் படாமல் பேனாவை அப்படியே வரியின் தொடக்கத்துக்குக் கொண்டு வந்தாள்.

"அழிச்சுட்டேன்" என்றாள்.

"எங்கீங்க அழிச்சீங்க? பேனாவத்தான நகத்துனீங்க!"

அவள் முதல் வார்த்தையை மட்டும் விரலால் துடைத்து, அந்த இடத்தில் புதிதாக இரண்டு வார்த்தை எழுதினாள். பேனாவை மூடினாள்.

"படிங்க."

"டீ ரெடி மூணு மணிக்கு எல்லாரும் மீட்டிங் ரூமுக்கு வரவும்" என்று படித்தார் நாச்சிமுத்து. படித்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார்.

அன்றைக்கு மூன்று மணிக்கு நிஜமாகவே நாலு பேர் டீ குடிக்க மீட்டிங் ரூமுக்குப் போனார்கள். அதில் நானும் ஒருத்தன்.

பஃபர் என்று ஒன்று உண்டு. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். திரைக்குப் போகிற எழுத்துகள் முதலில் வந்து வரிசையாக உட்காருகிற இடம். கல்யாணப் பந்தி மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். நாச்சிமுத்து போட்ட பந்தியில் இருநூற்றைம்பத்தாறு இலை.

கிளியர் என்று சொன்னால் எல்லா இலையும் எடுத்தாகிவிட்டது என்று அவர் நம்பினார். அது ஒரு இலையையும் எடுக்காது. பரிமாறுகிறவனை மறுபடி முதல் இலைக்குக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தும், அவ்வளவுதான். இரண்டாவது பந்திக்குக் கொஞ்சம் பேர் வந்தால் கடைசியில் பழைய எச்சில் இலை அப்படியே கிடக்கும்.

பதினோராம் கட்டிலுக்கு நீளமான செய்தி. பன்னிரண்டுக்குச் சின்னச் செய்தி. மிச்சம் நின்றுவிட்டது.

"சோதிச்சுப் பாக்கறப்ப ஒரு தடவைகூட இப்படி வரலியே" என்றார்.

"எத்தன கட்டில் வெச்சு சோதிச்சீங்க?"

"ஒண்ணுதானுங்க."

"நோயாளி யாரு?"

அவர் தலையைச் சொறிந்தார். "என்ற பேரத்தான் போட்டிருந்தேன்."

ஒரே கட்டில், ஒரே நோயாளி, அதுவும் தானே. ஒவ்வொரு தடவையும் புரோகிராமைப் புதிதாக ஓட்டி ஒரே ஒரு செய்தி. அப்போது எல்லாமே புது இலை. இரண்டாவது ஆள் வந்தால்தானே வண்டவாளம் தெரியும்!

ஜெசிந்தா அந்த ஒரு மணி நேரத்துக்குள்ளேயே இரண்டு காரியம் செய்தாள். முப்பது திரையையும் அணைக்கச் சொன்னாள். ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினாள். தப்பு எங்களுடையது, அந்த அம்மா படித்த வரி திரையில் இருந்தது என்று பச்சையாகவே எழுதினாள்.

அரை மணியில் பதில் வந்தது. 'தகவலுக்கு நன்றி. விரைவில் சரிசெய்து தரவும்.'

நாச்சிமுத்து சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

மறுநாள் காலையில் வந்தார்.

"முடிஞ்சுதுங்க அம்மிணி. ஒவ்வொரு செய்திக்கும் முன்னால இருநூத்தம்பத்தாறு எடத்துலயும் வெத்து எழுத்தப் போட்டு ரொப்பிடறேன். இனிப் பழசு எங்க நிக்கும்?"

"நல்லது. எது வரைக்கும் படிக்கோணும்னு திரைக்கு யாரு சொல்றாங்க?"

"அது கடைசி வரைக்கும் படிக்கும். மிச்சமெல்லாம் வெத்தா இருக்கும்."

"இருபது எழுத்துதான் எழுதுனீங்க. அது எதுக்குங்ணா இருநூத்தம்பத்தாறு வரைக்கும் போய்ப் பாக்கோணும்?"

"கெடக்கறது வெத்துத்தானுங்க."

அவள் அடுத்த வேலையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

மடத்தில் இதுதான் வழக்கம். பேச்சு முடிந்தது என்று நாமாகவே தெரிந்துகொண்டு எழுந்து போக வேண்டும். முணுமுணுத்துக்கொண்டே போனார் மனுஷன்.

சாயங்காலம் முகமெல்லாம் பல்லாக வந்தார்.

"ஒரே ஒரு வார்த்தைங்க! எழுதி முடிச்சதும் ஃபிளிப்புன்னு சொல்லியிருக்கோணும், நான் ரீவைண்டுன்னு சொல்லியிருக்கறேன். ரெண்டும் ஆரம்பத்துக்குத்தான் கூட்டிட்டு வருது. ஆனா ஃபிளிப்புதான் எழுதி முடிச்ச எடத்துல ஒரு கோடு கிழிச்சுட்டு வருது. அந்தக் கோட்டத் தாண்டி யாரும் படிக்க முடியாது."

"கோடு யாரு கிழிக்கோணும்?"

"எழுதறவந்தானுங்க. படிக்கறவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ம்" என்றாள். எனக்குத் தெரிந்து அவள் வாயிலிருந்து வருகிற பெரிய பாராட்டு அதுதான்.

"அப்ப முடிஞ்சுதுங்களா?"

"உங்க ஊட்டுல பல்லு வெளக்கற பிரஷ் எத்தன இருக்குது?"

"அஞ்சுங்க. ஆளுக்கொண்ணு."

"எதுக்கு அஞ்சு? ஒண்ணையே கழுவிக் கழுவி வெச்சுக்கலாமில்ல?"

"அய்யே!" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது.

முப்பது கட்டிலுக்கும் அவர் ஒரே ஒரு பஃபரைத்தான் வைத்திருந்தார். மில் மெஷினில் இடம் கொஞ்சமாகத்தான் இருக்கும். அங்கே இருபது வருஷம் வேலை செய்த கை, சிக்கனம் ஊறிப்போன கை. இங்கே இடத்துக்குப் பஞ்சமே இல்லை. ஆனாலும் கட்டில் என்று ஒரு கிளாஸ், அதாவது ஒரு அச்சு, எழுதி, அதிலிருந்து கட்டிலுக்கு ஒன்றாக முப்பது ஆப்ஜெக்ட் வார்த்து, முப்பதுக்கும் சேர்த்துப் பொதுவில் ஒரு பஃபரை நட்டு வைத்துவிட்டார். எல்லாரும் வந்து அதிலேயே வாய் கொப்பளித்துவிட்டுப் போகிற மாதிரி.

வெள்ளிக்கிழமை முழுக்க உட்கார்ந்து பிரித்தார். ஒவ்வொரு கட்டிலுக்கும் தனித்தனி பஃபர். வெளியிலிருந்து யாரும் அதைத் தொட முடியாது. இந்தத் தடவை முப்பது நோயாளிகளை வைத்துச் சோதித்தார். நீளமான செய்தி, சின்னச் செய்தி, ஒன்றுமே இல்லாத செய்தி என்று மாற்றி மாற்றி அனுப்பினார். ஆயிரம் தடவை ஓட்டினார். ஒரு எழுத்து மிச்சம் நிற்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் ஜெசிந்தா ஆஸ்பத்திரி வார்டுக்குப் போன் செய்தாள். யாரிடமோ இரண்டு கேள்வி கேட்டாள். பதிலைக் கேட்டுவிட்டுப் போனை வைத்தபோது அவள் முகம் நன்றாக இல்லை.

அந்த நேரம் பார்த்துத்தானா நாச்சிமுத்து வர வேண்டும்!

"இப்ப சுத்தமுங்க அம்மிணி. பழசு எங்கயும் நிக்கல."

"ஒரு எடத்துல நிக்குதுங்ணா."

"எங்கீங்க?"

அவள் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமையும் மனுஷன் ஆபீஸுக்கு வந்தார். முப்பது ஆப்ஜெக்டையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். அன்றைய நடப்பை எழுதி வைக்கிற கோப்பைப் பார்த்தார். ஆஸ்பத்திரி பிரிண்டரைக்கூட விடவில்லை. எங்கே தேடியும் அந்த வரி இல்லை. திங்கட்கிழமை காலையில் திரைகள் மறுபடி ஓட ஆரம்பித்தன. எல்லாம் ஒழுங்காக வந்தது.

அவர் நேராக மடத்துக்குப் போனார். கோபத்தோடு போனார்.

"இல்லீங்க அம்மிணி. எங்கயும் இல்ல. இருந்தாக் காட்டுங்க, இல்லாட்டி இல்லைன்னு சொல்லுங்க. எனக்கு சோறு எறங்க மாட்டேங்குது."

ஜெசிந்தா அவரைப் பார்த்தாள். அவளும் சரியாகத் தூங்கவில்லை என்று தெரிந்தது.

"அண்ணா, பஃபர்ல ஒரு வரி இருக்கறப்ப, யாரோ அதப் படிச்சு ஒரு நகல் எடுத்துட்டுப் போயிட்டாங்க. அதுக்கப்புறம் நீங்க பஃபர சரி பண்ணிட்டீங்க. அந்த நகல் என்னாகும்?"

"அது அப்படியேதானுங்க இருக்கும். இங்க நான் தலகீழா நின்னாலும் அங்க மாறாது. வெச்சிருக்கறவங்ககிட்டப் போயித்தான் மாத்தோணும்."

"அப்படீங்களா" என்றாள்.

அவர் தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தார். மத்தியானம் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தார். நகல் எடுத்தது யார், நகல் எடுத்தது யார் என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தார். மேஜைமேல் அந்த ஆஸ்பத்திரிக் காகிதம் கிடந்தது. அதை நகர்த்திவிட்டுப் பாத்திரத்தை வைக்கப் போனவர் கண்ணில் ஒரு வரி பட்டது.

'மகள் வசந்தாமணி திரையைத் தவறாகப் படித்ததால்.'

"அய்யோ சாமி" என்றார்.

திறந்த பாத்திரத்தை மூடக்கூட இல்லை. எழுந்தார். ஜெசிந்தா அதற்குள் அவருடைய ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வந்து நீட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்தம்மாகிட்ட யாருமே சொல்லலீங்களா?"

"சனிக்கிழமை கேட்டேன். சொல்லலியாம். கடிதம் கோப்புல இருக்குதாம்."

"என்னயத் திட்டுவாங்களா?"

"திட்டலாம்."

"வேலை போயிருமா அம்மிணி?"

"தெரியலீங்ணா."

அவர் போனதும் நான் அவளிடம் சண்டைக்கே போய்விட்டேன். சனிக்கிழமையே தெரியுமென்றால் இவளே ஒரு நடை போய்ச் சொல்லியிருக்கலாமே! இரண்டு நாள் அந்த அம்மாவை வதைத்து இவருக்குப் பாடம் நடத்த வேண்டுமா?

"புரோகிராம் எழுதுனது யாரு?" என்றாள்.

"அதுக்காக?"

அதற்கு அவள் பதில் சொல்லவில்லை. முதல் தடவையாக, பதில் தெரியாமல்தான் சொல்லவில்லை என்று எனக்குப் பட்டது. அந்த விஷயத்தில் அவள்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு.

இனிமேல் நடந்தது நாச்சிமுத்து சொன்னது.

வார்டில் மத்தியான நேரம். பன்னிரண்டாம் கட்டிலில் மாரப்பன் சுவரைப் பார்த்து முகத்தைத் திருப்பிப் படுத்திருந்தார். பக்கத்து ஸ்டூலில் வசந்தாமணி. நாற்பத்தைந்து வயது இருக்கும். சூலூரில் இட்லி மாவு அரைத்து விற்கிறவள்.

இவர் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"ஏனுங்ணா, அதுல என்ன போட்டிருக்குதுன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்றீங்களா?"

திரையைக் கையால் காட்டினாள். கண் அந்தப் பக்கம் போகவில்லை.

இவர் படித்தார். "கஞ்சி கொடுக்கலாம். தண்ணீர் வேண்டிய அளவு கொடுக்கலாம்."

"அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதானுங்க."

"கடைசில வேற ஒண்ணுமில்லீங்களே? நல்லாப் பாத்தீங்களா?"

"இல்லீங்க." அவர் அவள் பக்கம் திரும்பினார். "உங்களுக்குப் படிக்கத் தெரியாதுங்களா?"

"தெரியும்னுதானுங்க நெனச்சிட்டிருந்தேன்" என்றாள். "ஒரு வாரமா எதையும் படிக்கறதில்லீங்க. பஸ்ஸு போர்டுகூட யாரையாச்சும் கேட்டுத்தான் ஏர்றேன். என்ற கண்ண என்னாலயே நம்ப முடியல. இல்லாததப் படிச்சுட்டு, பெத்த அப்பன வாய் காய வெச்சுட்டேனுங்க. கை நீட்டுனாரு, அடிச்சுட்டேன்."

அவள் கட்டிலைக் கண்ணால் காட்டினாள்.

"அன்னைலருந்து எங்கிட்டத் தண்ணி கேக்கறதில்லீங்க" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "நர்ஸம்மா வந்தா அவங்ககிட்டக் கேக்கறாரு. நான் பக்கத்துலயேதான் உக்காந்திருக்கறேன்."

நாச்சிமுத்து வரும் வழியெல்லாம் சொல்வதற்கு வார்த்தை சேர்த்துக்கொண்டு வந்தாராம். அதையெல்லாம் விட்டுவிட்டார்.

"அது அங்க இருந்துச்சுங்க" என்றார்.

"எது?"

"அன்னைக்கு நீங்க படிச்ச வரி. தண்ணிகூடத் தரக் கூடாதுங்கறது. பக்கத்துக் கட்டிலுக்கு டாக்டர் எழுதுனதுங்க. அத எடுத்துட்டுத்தான் உங்களுக்குப் புதுசு காட்டியிருக்கோணும். நான் எடுக்காம உட்டுட்டேன். இந்தத் திரைக்குப் புரோகிராம் எழுதுன ஆளு நானுங்க. நீங்க படிச்சது சரி. ஒரு எழுத்துத் தப்பில்ல."

அவள் அவரையே பார்த்தாள்.

"மறுக்காச் சொல்லுங்க."

சொன்னார்.

"எங்கப்பங் காதுல விழுகற மாதிரி சொல்லுங்க. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம்."

இவர் கட்டிலைச் சுற்றிக்கொண்டு சுவர்ப் பக்கம் போனார். குனிந்தார். "அய்யா, உங்க மக சரியாத்தான் படிச்சாங்க! தப்பு என்னோடதுங்க!" என்று சத்தமாகச் சொன்னார். வார்டே திரும்பிப் பார்த்தது. யாரோ சாப்பிடுவதை நிறுத்தினார்கள்.

மாரப்பன் இவரை ஏறிட்டுப் பார்த்தார். அப்புறம் மெல்லத் தலையைத் திருப்பினார்.

"வசந்தா" என்றார். "தண்ணி."

அவள் பாட்டிலை எடுத்தாள். டம்ளரில் ஊற்றிக் கொடுத்ததில் பாதி அவர் கழுத்தில் வழிந்தது. அவர் மடக் மடக்கென்று குடித்தார். அவள் ஓவென்று அழுதாள். அழுதுகொண்டே இன்னொரு டம்ளர் ஊற்றினாள். அதையும் அவர் குடித்தார். தாகத்துக்குக் குடித்த மாதிரி இல்லை என்றார் நாச்சிமுத்து. சொல்லும்போது இவருக்கே கண் கலங்கிவிட்டது.

அப்போது இவருக்கு உடம்பே லேசானதாம். இனி இங்கே நமக்கு வேலை இல்லை என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினார். இரண்டு அடி வைத்திருப்பார்.

"நில்லுங்க."

நின்றார்.

வசந்தாமணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். அழுகை நின்றுவிட்டிருந்தது.

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"புதன்கெழமைங்க."

"இன்னைக்குத் திங்கக்கெழமை."

"ஆமுங்க."

"அஞ்சு நாள். இந்த ஸ்டூல்லதான் உக்காந்திருந்தேன். எங்கயும் போகல. அஞ்சு நாளா என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"சரி பண்ணிட்டிருந்தேனுங்க."

"எதைங்க?"